கோச்சிப் புகை

தரம் மூன்று பிள்ளைகளிடம் றெயில் ஒன்றை வரையச் சொல்லிப் பாருங்கள். பெட்டிகள் கோணலாக இருக்கும். சில்லுகள் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தாது. ஜன்னலில் தெரியும் மனிதர்கள் பெட்டியைவிடப் பெரியவர்களாக இருப்பார்கள். ஆனால் இயந்திரத்தின் தலையில் ஒரு குழாயும், அதிலிருந்து சுருள் சுருளாகப் பின்னோக்கிப் போகும் புகையும் தவறாமல் இருக்கும். இருபது வருடமாகச் சித்திரக் கொப்பிகளைப் பார்த்து வருகிறேன். புகையில்லாத றெயிலை எந்தப் பிள்ளையும் எனக்கு இன்னும் வரைந்து தரவில்லை.

இந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கரிக்கோச்சியைக் கண்டவரல்லர். நானும் கண்டதில்லை. மட்டக்களப்புப் பாதையில் எங்கள் ஊரைத் தாண்டிப் போவதெல்லாம் டீசல் இயந்திரங்கள்தாம். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடா தந்த இயந்திரங்கள் ஒன்ராறியோ, அல்பேட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சுமந்துகொண்டு வந்தன. அதன் பிறகு நீராவி இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. மிச்சமிருப்பவற்றில் சிலவற்றைக் கடுகண்ணாவையில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட றெயில்வே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் கரிக்கோச்சியைக் கண்டவர்கள் என் வாப்பாவின் வயதுக்காரர்கள்தாம். ஓட்டமாவடி இரும்புப் பாலத்தில் றெயிலுக்கும் மற்ற வாகனங்களுக்கும் ஒரே வழியாக இருந்த காலத்தில், கேற் பூட்டியதும் எல்லோரும் இறங்கி நின்று தூரத்தைப் பார்ப்பார்களாம். முதலில் தெரிவது புகை. சத்தம் பிறகுதான் வரும் என்பார் வாப்பா.

அந்தப் புகை அலங்காரத்துக்காக வந்ததல்ல. உருளைகளில் வேலை செய்து முடித்த நீராவியை வீணே வெளியில் விடாமல், புகைக்குழாயின் அடியிலிருந்து ஒடுங்கிய ஒரு மூக்கின் வழியாக மேலே பீறிட வைப்பார்கள். அந்த வேகம் அடுப்பின் புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். புகை போகப் போக அடுப்புக்குள் புதிய காற்று வரும். இயந்திரம் எவ்வளவு பாரத்தை இழுக்கிறதோ அவ்வளவுக்கு நெருப்பும் மூளும். ஊதுகுழலோ ஊத ஓர் ஆளோ இல்லாமல் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்ளும் ஏற்பாடு. இரண்டு உருளைகள் உள்ள இயந்திரத்தில் பெரிய சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது நான்கு தடவை இப்படி ஊதும். சின்னவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு 'சுக்குப்புக்கு, சுக்குப்புக்கு' என்று ஓடுகிறார்களே, அது இந்த மூச்சின் சத்தம்தான். டீசல் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் பிள்ளைகள் அந்தச் சத்தத்தை விடவில்லை.

விளையாட்டு றெயிலுக்கு இவை ஒன்றும் தேவையில்லை. அது மின்மோட்டரில் ஓடுவது. அடுப்பும் இல்லை, நீரும் இல்லை. ஆனாலும் அதைச் செய்தவர்களுக்குப் புகை இல்லாமல் மனம் ஆறவில்லை. ஜோசுவா லயனல் கோவன் என்பவர் 1900ஆம் ஆண்டு நியூயோர்க்கில் தொடங்கிய லயனல் கம்பனி, இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு வருடம், 1946இல், புகைவிடும் விளையாட்டு இயந்திரங்களை விற்பனைக்கு விட்டது. மின்குமிழின் தலையில் ஒரு குழி. அதில் ஒரு மாத்திரையைப் போட்டால் குமிழின் சூட்டில் புகை வரும். அடுத்த வருடமே குமிழைக் கைவிட்டு, நிக்குரோம் கம்பிச் சுருளால் சூடாக்கும் முறைக்கு மாறினார்கள். காலப்போக்கில் மாத்திரையின் இடத்துக்கு எண்ணெய்த் துளிகள் வந்தன. இயந்திரம் ஓடுவதற்கு ஒரு சதமும் உதவாத ஒன்றுக்காகப் படித்த பொறியியலாளர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க நேர்ந்தது என் வகுப்பில் இருந்த ஒரு பையனால். அப்போது அவன் தரம் ஏழு. பாடசாலைக்கு ஒழுங்காக வருவான். ஆனால் வந்ததற்கு அடையாளம் இருக்காது. கேட்டால் எழும்பி நிற்பான், பதில் வராது. கொப்பியில் திகதி மட்டும் எழுதியிருக்கும். மக்கு என்று சொல்லிவிட முடியாது. வகுப்பின் உடைந்த கதவுப் பூட்டை யாரும் சொல்லாமலே ஒரு நாள் கழற்றிப் பூட்டியிருந்தான். வாப்பா வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். உம்மா சவூதியில் வீட்டு வேலை. அவன் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது போனவர், இடையில் ஒரு தடவை நான்கு மாதம் வந்து நின்றுவிட்டுத் திரும்பவும் போயிருந்தார். பையன் உம்மம்மாவோடு இருந்தான். எங்கள் ஊரில் இப்படியான வீடுகளை எண்ணுவதற்கு இரண்டு கை போதாது.

ஒரு நோன்பு விடுமுறைக்கு முதல் வாரம், பாடசாலை விட்ட பிறகு ஒரு சீலைப் பையோடு என் வீட்டு வாசலில் நின்றான். பைக்குள் ஓர் இயந்திரம் இருந்தது. அமெரிக்கத் தயாரிப்பு, வார்ப்புலோகம், கையில் எடுத்தால் செங்கல்லின் பாரம். வட்டம் ஒன்று ஆகும் அளவுக்குத் தண்டவாளத் துண்டுகள். இரண்டு பெட்டிகள். ஒரு மின்மாற்றி.

"இது ஓடுமாம் சேர். பொகைதான் வராதாம்."

உம்மா வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அது. புகை நின்ற பிறகு அவர்களுக்கு அதில் விருப்பம் போய்விட்டது. சாமானறையில் கிடந்ததை உம்மா கேட்டு வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் பொதியில் போட்டு அனுப்பியிருந்தார்.

"ஓடினாப் போதும்தானே மகன், புகை எதுக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உம்மா கண்டிருக்கா சேர்" என்றான்.

அந்த வீட்டில் உம்மா தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது கோச்சி அவரைச் சுற்றி ஓடுமாம். புகை சோபாவுக்கு மேலே எழும்பி வருமாம். வருடக்கணக்காகத் தொலைபேசியில் அவனுக்கு உம்மா சொல்லிவந்த கதைகளில் அதுவும் ஒன்று. உம்மா கண்டதைத் தானும் காண வேண்டும் என்பதுதான் அவன் கேட்டது. அதற்குமேல் எதுவும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் வேலை மின்மாற்றியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிப்பதுதான். 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. நம் வீடுகளில் வருவது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். நேரே சொருகியிருந்தால் சீட்டும் மின்மாற்றியும் சேர்ந்தே போயிருக்கும். சவூதியின் பழைய வீடுகளில் 127 வோல்ற்று மின்சாரமே பாவனையில் இருந்தது. அதனால் அமெரிக்கச் சாமான்கள் அங்கே ஓடின. அங்கிருந்து மிக்சியும் றேடியோவும் கொண்டுவந்த நம்மூர்க்காரர்கள், அவற்றை ஓட்ட 110 வோல்ற்றுக்கு இறக்கும் பெட்டி ஒன்றையும் கூடவே வாங்கி வருவார்கள். அப்படி ஒன்று அடுத்த தெரு வீட்டில் கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்தது. தூசி தட்டி எடுத்து வந்தோம். அலைவெண் குறைவு என்பதால் மின்மாற்றி வழமையைவிடக் கொஞ்சம் கூடச் சூடானது. ஆகவே ஒரே மூச்சில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

இயந்திரம் ஓடியது. மூன்று தண்டவாளங்களில் நடுவிலுள்ளதில் மின்சாரம். இயந்திரத்தின் அடியில் இரண்டு சிறு உருளைகள் அதைத் தொட்டு எடுத்துக்கொள்ளும். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. என் மகள் கைதட்டினாள். பையன் மட்டும் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடியிலிருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றி மேலுடலைத் தூக்கினோம். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அவன் ஒரு கடதாசியில் இயந்திரத்தின் படத்தைக் கீறி, அது இருந்த இடத்திலேயே வைத்தான். நான் சொல்லிக் கொடுத்ததல்ல. முன்பக்கத்தில், குழாய்க்கு நேர் கீழே, தீப்பெட்டியில் பாதியளவில் புகைக் கருவி இருந்தது. அதன் அமைப்பு எளிமையானது. மேலே ஒரு சிறு அறை. அதில் எண்ணெயை உறிஞ்சி வைக்கும் திரி. திரியைத் தொட்டபடி சூடாகும் ஒரு தடையி. கீழே ஒரு சிறு உருளையும் முசலமும். சில்லு சுற்றும்போது ஒரு நெம்பு முசலத்தைத் தூக்கித் தூக்கி விடும். எண்ணெய் சூடாகி ஆவியாகும். முசலம் அதைக் குழாய் வழியே தள்ளும். வெளிக்காற்றில் பட்டதும் ஆவி குளிர்ந்து நுண்ணிய துளிகளாகும். நாம் புகை என்று காண்பது அதைத்தான். உண்மையில் அதில் எதுவும் எரிவதில்லை. மலைநாட்டுக் குளிரில் வாயைத் திறந்தால் வரும் மூச்சு எப்படியோ இதுவும் அப்படி.

மூடியைத் திறந்தபோது கருகல் மணம் வந்தது. திரி கரித்துண்டாகித் தடையியோடு ஒட்டிப்போயிருந்தது. பல்மீற்றரின் முனைகளைத் தடையியின் இரு அந்தத்திலும் வைத்தேன். முள் அசையவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. எண்ணெய் முடிந்த பிறகும் இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது தெரிய நியாயமில்லை.

"எண்ணெய் முடிஞ்சா ஏன் சேர் திரி கருகுது?" என்று பையன் கேட்டான். மூன்று வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதலாவது கேள்வி அது.

பதிலை நான் சொல்லாமல் உம்மம்மாவின் குப்பி விளக்கை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். விளக்கு எரியும்போது திரி முழுவதும் நெருப்பில்தான் இருக்கிறது, ஆனால் எரிந்து முடிவதில்லை. ஏன்? யோசித்தான். "எண்ணெய் வந்துகொண்டே இருக்குது" என்றான். சூட்டை எண்ணெய் எடுத்துக்கொண்டு ஆவியாகிப் போய்விடுகிறது, திரி தப்பிக்கொள்கிறது. எண்ணெய் முடிந்தால் சூடு போக வேறிடம் இல்லை, திரியிலேயே இறங்கும். இங்கே தடையிக்கும் அதே கதிதான். பாடப்புத்தகத்தில் ஆவியாதலின் மறைவெப்பம் என்று இருக்கும் பாடம் இது. வகுப்பில் நான் அதை எத்தனையோ தடவை எழுதிப் போட்டிருக்கிறேன். அவன் திகதியை மட்டும் எழுதிக்கொண்டிருந்திருப்பான்.

தடையியின் ஒரு பக்கம் கருகியிருந்தாலும் மறுபக்கத்தில் நிறக்கோடுகள் தெரிந்தன. சிவப்பு, ஊதா, கறுப்பு. சிவப்புக்கு 2, ஊதாவுக்கு 7, கறுப்பு என்றால் பூச்சியம் எதுவும் சேர்க்க வேண்டாம். ஆக 27 ஓம். அளவு தெரிந்துவிட்டது. சாமான்தான் இல்லை. வாழைச்சேனையில் ரீவி திருத்தும் கடை ஒன்றுக்கு இருவரும் சைக்கிளில் போனோம். கடைக்காரர் காட்டிய வெள்ளைச் சீமெந்துத் தடையிகள் அறையைவிடப் பெரியவை. பழைய ரீவிப் பலகைகள் குவித்திருந்த மூலையைக் காட்டி, "தேடி எடுங்க மாஸ்டர், காசு வேணாம்" என்றார். ஒரு மணித்தியாலம் தேடியதில் 27 கிடைக்கவில்லை. 56 ஓம் தடையிகள் இரண்டு கிடைத்தன, ஒவ்வொன்றும் மூன்று வாற்று, விரல்நகத்தின் நீளம்.

ஒரே அளவான இரண்டு தடையிகளைச் சமாந்தரமாகத் தொடுத்தால் பெறுமானம் பாதியாகும். 56இன் பாதி 28. கேட்டது 27, கிடைத்தது 28. தண்டவாளத்தில் 12 வோல்ற்று இருக்கும்போது, வோல்ற்றை வோல்ற்றால் பெருக்கி ஓமால் வகுத்தால் 5 வாற்றுக்குச் சற்றுக் கூட. இரண்டும் பங்கிட்டுக்கொண்டால் தலா இரண்டரை. மூன்று வாற்றுத் தடையி தாங்கும். இந்தக் கணக்கை வரும் வழியில் வயல் வரம்பில் சைக்கிளை நிறுத்திவிட்டு மண்ணில் குச்சியால் அவனே போட்டான். இரண்டு தடவை பிழைத்து, மூன்றாம் தடவை சரி வந்தது.

பழைய கரியைச் சுரண்டி, அறையைச் சேஜிக்கல் ஸ்பிரிற்றால் கழுவினோம். முசலம் எண்ணெய்ப் பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் கழுவி எடுத்தபின் விரலால் தூக்கிவிட்டால் 'புஸ்' என்று காற்று வந்தது. தடையியின் கால்களை வயரோடு முதலில் நன்றாக முறுக்கி, அதன்மேல்தான் ஈயம் வைத்தேன். ஈயம் 190 பாகை அளவிலேயே இளகிவிடும். உள்ளே சூடு கூடினால் வெறும் ஈயத்தில் நிற்கும் இணைப்புக் கழன்றுவிடும்.

திரிக்கு விளக்குத்திரியைக் கொண்டுவந்திருந்தான். பருத்தித் திரி மூடிய அறையில் தடையியோடு ஒட்டிக் கிடந்தால் மறுபடியும் கருகும் என்பதால் அதை வேண்டாமென்றேன். பழுதான இஸ்திரிக்கைப்பெட்டி ஒன்றின் உள்ளே வயருக்குப் போட்டிருக்கும் வெள்ளை உறை கண்ணாடி நாரால் ஆனது. அது எரியாது. அதை உரித்து நாராக்கி அறைக்குள் வைத்தோம். இறுக்கி அடைக்கவும் கூடாது. காற்று வந்து போகும் துவாரத்தை மூடிவிட்டால் முசலம் எவ்வளவு தள்ளினாலும் ஆவி வெளியே வராது. தடையியைத் தொட வேண்டும், அதை மூடிவிடக் கூடாது. இந்த அளவு கைக்குத்தான் தெரியும், வாயால் சொல்வது கடினம். அவன் கைக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்தபின் எண்ணெய் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருந்த உம்மம்மா, "மண்ணெண்ணெய் ரெண்டு சொட்டு ஊத்தினாக் காணாதா மாஸ்டர்?" என்று கேட்டார். மண்ணெண்ணெயின் ஆவி 40 பாகை அளவிலேயே தீப்பற்றக்கூடியது. எங்கள் சித்திரை வெயில் அதற்குக் கிட்ட வந்துவிடும். மின்பொறி பறக்கும் சாமானில் அதை ஊற்றுவது வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். தேங்காயெண்ணெய் பிசினாகி எல்லாவற்றையும் ஒட்டிவிடும். இதற்கென்று மணமும் நிறமும் நீக்கிச் சுத்திகரித்த கனிய எண்ணெய் போத்தலில் விற்பார்கள். கொழும்பில்கூட எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். விலையைக் கேட்டபின் வாய் திறக்கவில்லை.

பையன் உம்மாவிடம் சொன்னான். அந்த வாரம் வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தபோது உம்மா சாமானறையில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த வெள்ளி, கிடைத்துவிட்டது என்றார். கூம்பு மூடி போட்ட சிறு போத்தல், பாதியளவு இருக்கிறது. ஊருக்கு வரும் ஒரு பெண்ணிடம் கொடுத்து விடுகிறாராம். அதைச் சொல்லிவிட்டு, என்னோடு பேச வேண்டும் என்று தொலைபேசியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். சலாம் சொன்னவர், "மாஸ்டர், நான் அதைக் கேட்டுத்தான் எடுத்தன். அந்தப் பொம்புளையிட்டக் கேட்டு, அவ தலையாட்டினப் பிறகுதான் எடுத்தன். மகனுக்கும் சொல்லி வைங்க" என்றார். பத்துப் பதினைந்து மில்லிலீற்றர் எண்ணெய். குப்பையில் போயிருக்கக்கூடியது. ஆனாலும் ஏழாயிரம் வேலை செய்த ஒரு வீட்டில், தன்னுடையதல்லாத ஒரு போத்தலைப் பற்றி அவருக்கு இருந்த கவனம் அப்படி. பிள்ளைக்கு அனுப்பும் சாமானில் ஒரு குறையும் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதைப் பையனிடம் அப்படியே சொன்னேன். அவன் தலையாட்டினான்.

போத்தல் வர மூன்று வாரம் சென்றது. அந்த மூன்று வாரமும் பின்னேரங்களில் வந்து இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போவான். அடியில் புகைக்கென்று ஒரு சிறிய சுவிச்சு இருந்தது. அதை நிறுத்தி வைத்துத்தான் ஓட்டுவான். எண்ணெய் இல்லாமல் தடையி சூடாகக் கூடாது என்பதில் என்னைவிட அவன் கவனமாக இருந்தான். சும்மா இருக்கிற நேரத்தில் இதைத் திருத்திய விதத்தை எழுதி வை, நாளைக்கு வேறு யாராவது திருத்த வேண்டி வந்தால் உதவும் என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். 'ற'வும் 'ர'வும் இடம் மாறியிருந்தன. முற்றுப்புள்ளி ஓரிடத்திலும் இல்லை. ஆனால் ஒரு படி தவறவில்லை, ஒன்று முன்பின்னாகவும் இல்லை. எதை ஏன் செய்ய வேண்டும் என்பதும் இருந்தது. சோதனைக்கு வராத கேள்விக்கு அவன் எழுதிய முதல் விடை. சிவப்புப் பேனையை நான் எடுக்கவில்லை.

போத்தல் வந்த அன்று ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, குழாய்க்குள் எட்டுத் துளி விட்டான். சுவிச்சைப் போட்டு, மெதுவாக ஓடவிட்டான். முதல் இரண்டு சுற்றில் பெயின்ற் எரிகிற மணம் மட்டும் வந்தது. புதுத் தடையியின் மேற்பூச்சு. மூன்றாம் சுற்றில் குழாயின் வாயில் ஏதோ அசைந்தது. வோல்ற்றை மெல்லக் கூட்டியதும் புகை எழும்பியது, விட்டு விட்டு, முசலம் தள்ளத் தள்ள. பெட்டிகள் இரண்டையும் கொழுவி, அவற்றில் ஆணிப் பொதிகளை ஏற்றினான். பாரம் கூடினால் வோல்ற்றைக் கூட்ட வேண்டியிருக்கும், வோல்ற்றுக் கூடினால் தடையி சூடேறும், புகையும் கூடும். பாரம் இழுக்கும் உண்மையான இயந்திரத்தைப் போலவே. அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சிரித்தான் என்று எழுத ஆசைதான். அவன் சிரிக்கவில்லை. குந்தியிருந்து, இயந்திரம் தன்னைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை அதன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உம்மாவின் அழைப்பு. கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவது. பையன் கமராவை இயந்திரத்தின் பக்கம் திருப்பினான். உம்மாவுக்குக் கோச்சி தெரிந்தது, புகை தெரியவில்லை. பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் புகை எப்படித் தெரியும்? கறுப்பாக ஏதாவது வேண்டும் என்றேன். உள்ளே ஓடி, அலுமாரியில் மடித்து வைத்திருந்த உம்மாவின் பழைய ஹபாயாவைக் கொண்டுவந்து சுவரில் ஆணியில் தொங்கவிட்டான். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. புகை தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் சற்று நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இப்படித்தான் மகன்" என்றார் உம்மா. "இதவிடக் கொஞ்சம் கூட வரும். ஆனா இப்படித்தான்."

பாரம் போதாது என்று பையன் அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினான். வோல்ற்று, ஓம், சமாந்தரம், திரி. நான் வெளியே வந்து திண்ணையில் இருந்தேன். உள்ளே அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவன் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. இந்தப் பேச்சை வரவழைத்தது இயந்திரத்துக்குத் தேவையே இல்லாத அந்தப் பாகம்தான். பாடசாலையில் நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதெல்லாம் தேவையானவை. அவற்றில் ஒன்றுக்கும் அவன் வாய் திறந்ததில்லை.

அவன் இப்போது தரம் ஒன்பது. முதல் பிள்ளை என்று சொல்ல முடியாது, ஆனால் விஞ்ஞானப் பாடத்தில் கை தூக்குகிறான். உம்மாவின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறதாம். கோச்சியை விடுமுறை நாட்களில் எடுத்து ஓட்டுகிறான். தெருப் பிள்ளைகள் கூடுகிறார்கள், புகை விடச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அவன் இசைவதில்லை. போத்தலில் கால்வாசி மிச்சமிருக்கிறது. சுவிச்சை நிறுத்தி வைத்துத்தான் ஓட்டுகிறான்.